சப்வூஃபரும் ரெண்டு சாட்டிலைட்டும்

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம் என்பதை நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கேட்கவில்லை.

முப்பத்தொரு வருஷமாக அச்சகத்தில் மெஷின்மேன். தடக் தடக் தடக் என்று ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். தாளில் அடித்ததை விட அந்த மெஷின் இவர் காதுக்குள் அடித்ததுதான் அதிகம். அதனால் தடித்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கும். இடி கேட்கும். லாரி கேட்கும். மெல்லிய சத்தம்தான் கேட்காது. சைக்கிள் மணி, குக்கர் விசில், டெலிபோன், நான்.

"என்னங்க, பால் வாங்கணும்" என்பேன்.

"ஆள் வந்திருக்கா? யாரு?" என்று எழுந்து போய்க் கதவைத் திறப்பார். இரண்டு பக்கமும் பார்ப்பார். "போயிட்டாங்க போல" என்று வந்து உட்காருவார்.

காது பரிசோதனைக்கு இரண்டு தடவை நாள் வாங்கினேன். முதல் தடவை அவருக்கு வயிற்று வலி. இரண்டாவது தடவை, என் மனைவிக்கு வயிற்று வலி என்று அவரே போன் செய்து சொல்லிவிட்டார்.

"என் காதுக்கு என்ன கேடு? அடுத்த தெருவுல லாரி கியர் மாத்தினா இங்க இருந்து சொல்லுவேன். நீதான் வாய்க்குள்ளயே பேசுற. வாயைத் திறந்து பேசு."

வாயைத் திறந்து பேசினால், "ஏன் கத்துற? நான் என்ன செவிடனா?"

இப்படியே காலம் போயிருக்கும். எனக்குக் கவலைப்படுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. ஆனால் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், கீழ் வீட்டுக்காரர் என்னை மாடிப்படியில் நிறுத்தினார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இன்னிக்குக் காலையில அண்ணனை நான் இடிச்சிருப்பேன்."

"ஐயோ!"

"நாலு தடவை ஹாரன் அடிச்சேன்க்கா. திரும்பவே இல்ல. நான் பிரேக் போட்ட வேகத்துல பிள்ளைங்க பையெல்லாம் முன்னாடி வந்து விழுந்துச்சு. அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா?"

"என்ன பண்ணாரு?"

"ரோட்டைத் தாண்டி நின்னு, என்னைப் பார்த்துச் சிரிச்சு, டாட்டா காட்டிட்டுப் போறாரு."

நேராக வீட்டுக்குள் போய் இவரிடம் கேட்டேன்.

"ஹாரன் அடிச்சானா? அந்த வேன்ல ஹாரனே வேலை செய்யாது. நானே பல தடவை பார்த்திருக்கேன்" என்றார்.

மறுநாளிலிருந்து என் காலை நேரம் பால்கனியில் போயிற்று. இவர் வாசலை விட்டு இறங்கி, பெரிய ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் அச்சகத்துச் சந்துக்குள் நுழைகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மோட்டார் சைக்கிள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். இவர் தாண்டிய பிறகுதான் நான் வேலை செய்கிற லாண்டரிக்கு ஓடுவேன். அங்கே எனக்குத் தினமும் கால் மணி நேரம் தாமதம். இந்த மனுஷன் ஏதாவது ஒரு வண்டியில் விழுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை காது பரிசோதனைக்கு உட்கார வைத்துவிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை.

அவருக்கு ஆசை வேறாக இருந்தது. சனிக்கிழமை ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தார்.

"டிவியில எவனும் தெளிவாப் பேசுறதில்ல. எல்லாரும் முணுமுணுக்கிறான். அதுக்கு வைத்தியம் கொண்டு வந்திருக்கேன்."

"வைத்தியமா?" எனக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது.

"சப்வூஃபர்!"

பெட்டிக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. உட்காரும் முக்காலி அளவு, தூக்கினால் அரிசி மூட்டை கனம். அதோடு சோப்பு டப்பா அளவில் இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள்.

"பெரிசு தடிச்ச சத்தத்துக்கு, அதை பாஸ்னு சொல்லுவாங்க. இந்தச் சின்னது ரெண்டும் மெல்லிய சத்தத்துக்கு. இதுக்குப் பேரு சாட்டிலைட். ரெண்டும் சேர்ந்தாத்தான் முழுச் சத்தம். விளங்குதா?"

விளங்கியது. அப்போது அவ்வளவாக விளங்கவில்லை, பிற்பாடு நன்றாக விளங்கியது.

பெரிய பெட்டியைக் கூடத்தின் மூலையில் தள்ளினார். ஒயர்களை மாட்டினார். பாட்டு போடுவதற்கு முன்பே பெட்டி "ம்ம்ம்ம்" என்று முனகியது. என் வீட்டில் நான் மட்டும்தான் காரணமில்லாமல் முனகுவேன் என்று நினைத்திருந்தேன். பிளக்கை மாற்றி மாற்றிச் சொருகினார். ஃபிரிட்ஜ் இருக்கிற சுவிட்ச் பலகையிலிருந்து கழற்றி டிவி பலகையில் போட்டதும் முனகல் நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விண்வெளிக்கு ஆள் அனுப்பியவர் மாதிரி இருந்தது.

"இப்ப கேளு!"

தும்ம்ம்!

சமையலறையில் தட்டுகள் கைதட்டின. கண்ணாடி அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. என் மூக்குக்கண்ணாடி மேஜையில் நடந்து போய் ஓரத்தில் நின்றது. பாட்டு எங்கே என்று தேடினேன். யாரோ ஒரு பெண் சுவருக்குள் மாட்டிக்கொண்டு பாடுவது போல இருந்தது.

"இது மூலை. மூலையில வச்சா சத்தம் கும்முனு ஏறும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்கணும்" என்று போனில் ஏதோ வீடியோ பார்த்தார். பிறகு செய்ததுதான் வேடிக்கை. பெட்டியைத் தூக்கி, தான் உட்காரும் சோபாவின் மேல் உட்கார வைத்தார். அவர் தரையில் முட்டி போட்டார். நான்கு காலில் சுவரோரமாகத் தவழ ஆரம்பித்தார். இரண்டடிக்கு ஒரு தடவை நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்னங்க இது?"

"எனக்குப் பதிலா அது உட்காரணும். அதுக்குப் பதிலா நான் அலையணும். எந்த இடத்துல எனக்கு நல்லாக் கேக்குதோ, அந்த இடத்துல அதை வைக்கணும். இதான் முறை."

உண்மையிலேயே அதுதான் முறையாம். பிற்பாடு விசாரித்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு டிரைவர் வந்தார். அவர் வீட்டு மேற்கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது என்று சொல்ல வந்தவர், இவரைப் பார்த்ததும் வந்த விஷயத்தை மறந்துவிட்டார்.

"அண்ணே! என்னண்ணே தேடுறீங்க?"

இவருக்குத் தரையதிர்ச்சியில் ஆள் வந்தது தெரிந்தது. உதட்டசைவில் கேள்வியும் தெரிந்தது. "பாஸ்! பாஸ் தேடுறேன்!"

"பஸ் பாஸா? எங்கண்ணே விழுந்துச்சு?" என்று அவரும் முட்டி போட்டுவிட்டார். இரண்டு பேரும் எதிரெதிராகத் தவழ்ந்து வந்து டிவிக்குக் கீழே சந்தித்துக்கொண்டார்கள். நான் நடுவில் காபியோடு நின்றேன்.

கடைசியில் ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு இடம் அமைந்தது. சத்தம் உண்மையாகவே திருந்தியது. தட்டுகள் அடங்கின. சுவருக்குள் இருந்த பெண் வெளியே வந்து கூடத்தில் நின்று பாடினாள். அவள் மூச்சு வாங்கியது கூட எனக்குக் கேட்டது. அவ்வளவு அழகாக என் வீட்டில் ஒரு பாட்டு அதுவரை கேட்டதில்லை.

இவர் முகம் மட்டும் சுருங்கியிருந்தது.

"கீழ்ச் சத்தம் பிரமாதம். மேல் சத்தம் இல்லையே?"

"இருக்குதே. மணி மணியாக் கேக்குதே."

"பாடுறவ வாயில துணி வச்சிருக்கா மாதிரி இருக்கு." சாட்டிலைட்டின் பக்கத்தில் போய்க் காதை வைத்தார். தட்டினார். ஊதினார். "ரெண்டும் செத்துப்போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான். சாட்டிலைட் சரியில்ல!"

சொல்லிவிட்டு வால்யூமைத் திருகினார். எனக்குப் பல் கூசியது. கீழ் வீட்டில் மீதிச் சுண்ணாம்பும் உதிர்ந்திருக்கும்.

தன் காது சரியில்லை என்று இந்த மனுஷன் உயிர் போனாலும் சொல்ல மாட்டார். ஆனால் சாட்டிலைட் சரியில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை லாண்டரிக்கு ஒரு அம்மா வந்தார். வாராவாரம் நான்கு வெள்ளைக் கோட்டு துவைக்கப் போடுவார். லாண்டரியில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, துணிதான் பெயர். இவர் கோட்டுக்காரம்மா. வேலை, காது பரிசோதனை. நான் இரண்டு தடவை நாள் வாங்கி ஏமாற்றியது இவரைத்தான். துணி உலர்த்தும் டிரையர் ஓடுகிற இரைச்சலில் நான் முழுக்கதையையும் கத்திச் சொன்னேன். கடைசிக்கு வரும்போது கண்ணீரும் வந்துவிட்டது.

"வீட்டுக்கு வந்து பார்க்கிற மெஷின் இருக்கு அக்கா. வர்றேன். ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். அவர் கேட்கிறதுக்கெல்லாம் நிஜமான பதில்தான் சொல்லுவேன்."

"நீங்க நிஜத்தையே சொல்லுங்கம்மா. காதுங்கற வார்த்தையை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார், கையில் ஒரு சின்னப் பெட்டியோடு. நான் இவரிடம், "சவுண்ட் பார்க்கிற மேடம் வந்திருக்காங்க" என்றேன். அதுவும் நிஜம்தான். ஆனாலும் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், கீழ்ச் சத்தம் வருது, மேல் சத்தம் வரல" என்றார் இவர், நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி.

"பார்த்துடலாம் சார். எவ்வளவு நாளா?"

"வாங்கி ஒரு வாரம்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி டிவியிலயும் இதே பிரச்சினைதான்."

கோட்டுக்காரம்மா எழுதிக்கொண்டார். ஒரு குட்டி விளக்கை எடுத்து இவர் காதுக்குள் பார்த்தார்.

"இது எதுக்கு மேடம்?"

"சத்தம் போற வழியில அடைப்பு இருக்கக் கூடாது சார்."

"கரெக்ட்! ஜன்னல் திரையைக் கூட நான் நகர்த்தி வச்சிருக்கேன்."

தலையில் ஹெட்போன் மாட்டினார். "சத்தம் எட்டினா கையைத் தூக்குங்க. எவ்வளவு சன்னமா இருந்தாலும் தூக்குங்க. எது எட்டுது, எது எட்டலன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த மாதிரி அமைக்க முடியும்."

இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் கை படபடவென்று மேலே போயிற்று. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து ஒரு பெருமைச் சிரிப்பு. போகப் போகக் கை மெதுவாயிற்று. பிறகு நின்றுவிட்டது. கோட்டுக்காரம்மாவின் விரல் பொத்தானை அழுத்துகிறது, அழுத்துகிறது. இவர் கை மடியிலேயே இருக்கிறது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்கிறது. பரீட்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். எனக்கு வேடிக்கை போய்விட்டது. நான் பேசியதெல்லாம் அங்கேதான் போய் விழுந்திருக்கிறது, அந்தக் கை எழும்பாத இடத்தில்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அந்த அம்மா ஒரு கட்டம் போட்ட தாளைக் காட்டினார். கோடு ஒன்று சமமாகப் போய், பாதியில் மலைச்சரிவு மாதிரி இறங்கியது.

"இங்க வரைக்கும் நல்லா வருது சார். இதுக்கு மேல எட்டல."

"இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன்!" என்று தொடையைத் தட்டினார் இவர். "இவ நம்பல. சாட்டிலைட் கோளாறு!"

"ரெண்டு சின்ன ஸ்பீக்கர் வேணும். பக்கத்துல இருக்கணும்."

"எவ்வளவு பக்கத்துல?"

"ரொம்பப் பக்கத்துல சார்."

"சோபா கைப்பிடியில வைக்கலாமா?"

"இன்னும் பக்கத்துல."

அந்த அம்மா பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பட்டாணி இரண்டைச் சேர்த்தாற்போல ஒரு பொருள், நுனியில் மெல்லிய ஒயர். இவர் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் மனசுக்குள் எல்லாக் கடவுளையும் வரிசையாகக் கூப்பிட்டேன்.

"இதுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கா?"

"இருக்கு சார்."

"ஆம்ப்ளிஃபயர்?"

"அதுவும் இருக்கு."

"எனக்குன்னே செட் பண்ணுவீங்களா?"

"இந்தத் தாள்ல இருக்கிற உங்க கோட்டைப் பார்த்து, உங்களுக்குன்னே."

இவர் என் பக்கம் திரும்பினார். "பார்த்தியா? உலகம் எங்க போயிடுச்சு! சாட்டிலைட் எவ்வளவு சின்னதா வந்துடுச்சு!"

அடுத்த வாரம் சாட்டிலைட்டுகள் வந்தன. இனி இவரைத் தெருவில் அதைப் போட வைக்க வேண்டுமே என்பது என் அடுத்த கவலை. பாட்டு கேட்கும்போது மட்டும் மாட்டிக்கொண்டு, வெளியே போகும்போது கழற்றி வைத்தால் இத்தனை பாடும் வீண். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வழியை இவரே போட்டுக்கொடுத்தார்.

"மேடம், புது ஸ்பீக்கரை நூறு மணி நேரம் ஓட்டிப் பழக்கணும்னு சொல்றாங்களே? அப்பத்தான் சத்தம் திறக்குமாமே?"

"ஆமா சார், பழகணும். முதல்ல எல்லாமே இரைச்சலாத்தான் இருக்கும். தினமும் முழுக்கப் போட்டிருந்தா சீக்கிரம் சரியாகும். அச்சகத்துக்குள்ள மட்டும் கழட்டிட்டு, சத்தத்தைத் தடுக்கிற கவசம் போடுங்க. அந்தச் சத்தம் ஆகாது."

அவ்வளவுதான். காலண்டரில் கட்டம் போட்டார். அச்சகத்துக்குப் போகும் வழியைக் கூட வீணாக்கவில்லை. போக எட்டு நிமிஷம், வர எட்டு நிமிஷம் என்று கட்டத்தில் ஏற்றினார்.

முதல் நாள் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நின்று நின்று பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கடிகாரம் எப்பவும் இப்படி அடிக்குமா?"

"எப்பவும்தான்."

"செய்தித்தாள் இவ்வளவு சத்தம் போடுமா?"

"போடும்."

செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "இன்னொரு தடவை ஏதாவது சொல்லு."

"என்ன சொல்றது? காபி ஆறிப்போவுது, குடிங்க."

"உன் குரல் இப்படித்தானா?" என்றார். "நான் நினைச்சுக்கிட்டு இருந்ததை விட நல்லா இருக்கே."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் சொன்ன பெரிய புகழ்ச்சி அதுதான். அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் சப்வூஃபரின் திருகைப் பத்திலிருந்து மூன்றுக்கு அவரே இறக்கினார். "இவ்வளவு சத்தம் எந்த மடையன் வச்சான்?" என்று என்னைப் பார்த்தார். நான் மடையனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பத்தாம் நாள் டிரைவர் மாடிப்படியில் நிறுத்தினார். "அக்கா, அண்ணன் இப்பல்லாம் அரை ஹாரனுக்கே ஒதுங்கிடுறாரு. இன்னிக்கு நின்னு என்னைத் திட்டுறாரு, எதுக்குய்யா காதுல வந்து கத்துறன்னு!"

திட்டு வாங்கிய மனுஷனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்கும்தான். அந்த வேனின் ஹாரனுக்கு, கோட்டுக்காரம்மாவுக்கு, தடித்த கறுப்புப் பெட்டிக்கு, எல்லாவற்றுக்கும் மனசுக்குள் நன்றி சொன்னேன். மறுநாள் பால்கனிக்குப் போகவில்லை. லாண்டரிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய் நின்றேன். முதலாளி கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்.

ஆனால் நன்றாகக் கேட்க ஆரம்பித்த மனுஷனோடு வாழ்வது வேறு மாதிரி.

"குளியலறையில குழாய் சொட்டுது."

"சொட்டல. நான் அங்க இருந்துதானே வர்றேன்."

போய்ப் பார்த்தால் சொட்டியது.

"உன் போன் அடிக்குது."

"இல்லையே?"

அடித்தது. சோபாவில் என் இடது பக்கத்திலேயே கிடந்து அடித்தது.

ஒரு நாள் பின்னாலிருந்து என்னை மூன்று தடவை கூப்பிட்டாராம். நான் திரும்பவில்லையாம். "நீங்கதான் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்றேன். சொன்ன பிறகு அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. மேற்கொண்டு யோசிக்கவில்லை. எனக்கு வேறு கவலைகள் இருந்தன.

நூறு மணி நேரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்காரம்மா சரிபார்க்க வந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பெட்டியை மூடப்போனவரை இவர் தடுத்தார்.

"மேடம், இந்தக் கூடத்துல உட்கார்ந்து கேட்கிறது ரெண்டு பேர். ஒருத்தருக்கு மட்டும் அமைச்சா எப்படி? இவளுக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க."

"எனக்கெதுக்கு? என் காதுக்கு என்ன கேடு?"

"உட்காரும்மா. கையைத் தூக்குறதுதானே."

மறுத்தால் ஏன் என்று கேட்பார். இது காது பரிசோதனை என்று சொன்னால் ஒரு மாதப் பாடும் உடையும். உட்கார்ந்தேன். ஹெட்போன் மாட்டினார்கள். வலது காதில் சத்தம் வர வரக் கை தூக்கினேன், தூக்கினேன், தூக்கினேன். பிறகு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று இவரைப் பார்த்துச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, நான் நின்ற மாதிரியே நின்றிருந்தார்.

கோட்டுக்காரம்மா ஹெட்போனைக் கழற்றி மெதுவாகக் கேட்டார். "அக்கா, லாண்டரியில அந்தப் பெரிய டிரையர் உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். பதினாலு வருஷமா. ஏன்?"

தாளைக் காட்டினார். இரண்டு கோடு. ஒன்று நிமிர்ந்து போனது. மற்றொன்றுக்கு அதே மலைச்சரிவு.

 "இங்க பாருங்க, நாலு பேரு பார்க்க நான் காது மெஷின் எல்லாம் மாட்டிக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

காது மெஷின் என்பது ஒரு மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை. நானே சொல்லிவிட்டேன். கோட்டுக்காரம்மா தாளைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இவர் கொஞ்சமும் அசையவில்லை. என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னார்:

"காது மெஷினை யாரும்மா மாட்டச் சொன்னா? சாட்டிலைட்டுதானே."